ரெனிட்டா மேடம் எழுதிய பாசப் பரீட்சை

தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் பாசம் எந்த மாதத்தில் முளைக்கும், எந்த மாதத்தில் வேர்பிடிக்கும் என்பதெல்லாம் ரெனிட்டா மேடத்துக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் மகப்பேறு ஆஸ்பத்திரியில் அவள் ஆலோசகர். புதன்கிழமைதோறும் பதினொரு மணிக்கு, பிள்ளை பெற்றவர்களையும் பெறப்போகிறவர்களையும் மாடி அறையில் உட்கார வைத்து வகுப்பெடுப்பாள். கஞ்சி போட்ட காட்டன் சேலை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் நீளமாக ஒரு குச்சி, சுவரில் ஒரு படம்.

"ஆறு மாசத்துல பிள்ளை தாயோட வாசனைய, குரல, முகத்த தனியாப் பிரிச்சுப் பாக்க ஆரம்பிச்சிரும். எட்டு மாசத்துல, நீங்க அந்தப் பக்கம் நகர்ந்தா வீட்டையே ரெண்டாக்கிரும். பயப்படாதீங்க. அந்த அழுகைதான் அது உங்களுக்குக் குடுக்கிற சர்ட்டிபிகேட்டு."

இந்த இடம் வரும்போது பின்வரிசையில் ஒன்றிரண்டு பேராவது முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். எத்தனை பேர் துடைத்தார்கள் என்று ரெனிட்டா ஓரக்கண்ணால் எண்ணிக்கொள்வாள். அப்படி ஒரு அற்ப ஆசை அவளுக்கு.

அவளுக்கும் ஒன்பது மாதத்தில் ஒரு பையன் உண்டு. பெயர் ஜோயல். அவன்தான் அவளுக்கு இன்னும் சர்ட்டிபிகேட் கொடுக்கவில்லை.

காலை எட்டு மணிக்கு ராஜபாளையம் வீட்டிலிருந்து அவள் கிளம்புவாள். பிள்ளைக்குத் தெரியாமல் நழுவக்கூடாது, சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்பது அவளே நடத்துகிற பாடம். அதனால் வாசலில் நின்று, "அம்மா போய்ட்டு வாரேன் ஜோயல்" என்று மூன்று தரம் சொல்வாள். ஜோயல் அத்தையின் இடுப்பில் உட்கார்ந்துகொண்டு மின்கம்பத்துக் காக்காயைப் பார்த்துக்கொண்டிருப்பான். சாயங்காலம் ஆறு மணிக்கு வியர்த்து விறுவிறுத்து ஓடி வந்து கையை நீட்டினால், பாஸ் வைத்திருக்கிற பயணியைக் கண்டக்டர் பார்ப்பாரே, அப்படி ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்வான். அழுகை இல்லை, சிரிப்பு இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

அந்த அத்தை, ரெனிட்டாவின் கணவன் மெல்வினுக்கு மூத்த அக்கா. ரெனிட்டாவுக்கு மதினி. கல்யாணம் கட்டிக்கொள்ளாதவள், வீட்டிலேயே தையல் மிஷின் போட்டுத் தைப்பவள், பிள்ளையைத் தரையில் விடாமல் தாங்குகிறவள். அவளைக் குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும். ரெனிட்டா மனசுக்குள் மட்டும், அதுவும் பஸ்ஸில் வரும்போது மட்டும், குறை சொல்வாள்.

இதில் நைட்டி எங்கே வந்தது என்று சொல்ல வேண்டும்.

மெல்வின் ராஜபாளையத்தில் ஒரு நைட்டி கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பிரிண்ட் கோணினது, சாயம் இறங்கினது, கை ஒன்று நீளம் ஒன்று குட்டை என்று கழிகிற பீஸ்களை 'செகண்ட்ஸ்' என்பார்கள். அவன் வீட்டுப் பெண்கள் செகண்ட்ஸைத் தவிர வேறு நைட்டி உடுத்தி யாரும் பார்த்ததில்லை. போன வருடம் ஊதா நிறத்தில் மஞ்சள் சூரியகாந்தி போட்ட ஒரு லாட் வந்தது. துணியைத் திருப்பிப் போட்டு வெட்டிவிட்டான் மகராசன். தைத்து முடித்துத் தூக்கிப் பிடித்தால் எல்லாப் பூவும் காம்பு மேலே, தலை கீழே. கம்பெனியில் வாங்கிக் கட்டிக்கொண்டு, பெரிய மூட்டையோடு வீட்டுக்கு வந்தான்.

"பூ கவுந்து கெடந்தா என்னட்டி? போட்டுக்கிட்டுக் குனிஞ்சு பாரு, ஒனக்கு நேராத்தான தெரியும்" என்றான். அதுவும் சரிதான். ரெனிட்டாவுக்கு நாலு, மதினிக்கு நாலு, பக்கத்து வீட்டு ரத்தினத்துக்கு ரெண்டு, அவள் கொழுந்தியாளுக்கு ரெண்டு என்று அந்த வருடம் தெருப் பெண்கள் பூராவும் கவிழ்ந்த பூவோடு கோலம் போட்டார்கள்.

பிரசவ லீவு முடிந்து வேலைக்குத் திரும்புகிற நாள் நெருங்கியபோது, ரெனிட்டா படித்த படிப்பையெல்லாம் திரட்டி ஒரு திட்டம் போட்டாள். தாய் உடுத்திக் கழற்றின துணி பக்கத்தில் இருந்தால், அந்த வாசனையில் பிள்ளை தாயை மறக்காது. மதினியை உட்கார வைத்து, வகுப்பில் காட்டுகிற படத்தையும் காட்டி விளக்கினாள்.

"ராத்திரி நான் போட்ட நைட்டிய காலைல தொட்டில்ல போட்டுருங்க மதினி. தொவைக்கக் கூடாது."

"தொவைக்காமயா?" மதினி வாயில் கை வைத்தாள். "பிள்ளைக்கு மேல அழுக்குத் துணியப் போடவா சொல்லுத?"

"அது அழுக்கில்ல மதினி, அம்மா வாசனை."

மதினி அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. திட்டம் அமோக வெற்றி. நைட்டியைக் கன்னத்தில் அணைத்துக்கொண்டு ஜோயல் மத்தியானம் இரண்டு மணி நேரம் அசையாமல் தூங்கினான். அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டோ எடுத்து, ரெனிட்டா புதன்கிழமை வகுப்பில் எல்லாருக்கும் காட்டினாள். பெரிய டாக்டர் ஜெயசித்ராவுக்கும் காட்டினாள். காட்டாத ஆள் ஆஸ்பத்திரி வாட்ச்மேன் ஒருத்தர்தான், அவர் அன்றைக்கு லீவு.

மூன்று மாதம் இப்படிப் போனது. ஒரு சனிக்கிழமை தொட்டிலை உதறும்போது, நைட்டியின் கழுத்துப் பட்டியில் இருந்த சைஸ் லேபிள் ரெனிட்டாவின் கண்ணில் பட்டது. டபுள் எக்ஸ்எல். ரெனிட்டா எக்ஸ்எல். பிரசவத்துக்கு முன்னால் எல் என்று ஊரை ஏமாற்றிக்கொண்டிருந்தவள், இப்போது எக்ஸ்எல்லை ஒத்துக்கொண்டிருக்கிறாள். அதற்குமேல் அவள் போகவில்லை.

"மதினி, இது யாரு நைட்டி?"

மதினி மிஷினை நிறுத்தவே இல்லை. "எனக்குள்ளதுதான். ஒன் நைட்டிய அன்னன்னைக்கே அலசிப் போட்டுருவேன். பால் வாடை, வேர்வை வாடை, பச்சப் பிள்ளைக்கு ஆகாதுல்லா. தொட்டில்ல போட ஒண்ணு வேணும்னியேன்னு, நான் கழட்டினத மடிச்சு வச்சேன். பூ ஒண்ணுதான?"

"அப்ப ஒங்களுது மட்டும் அழுக்கில்லையா?"

"நான் ரெண்டு வேளை குளிக்கிறவட்டி" என்றாள் மதினி, பெருமையாக.

ரெனிட்டா அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று மாதமாகத் தன் பிள்ளை மதினியை மோந்துகொண்டு தூங்கியிருக்கிறான். அதைப் போட்டோ எடுத்து, 'தாய்வாசனையின் மகிமை' என்று ஊருக்கெல்லாம் காட்டியிருக்கிறாள். முதுகலை உளவியல் படித்த மூளைக்கு லேபிளைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

பொறுக்க முடியாமல் சோதனையில் இறங்கினாள். பக்கத்து வீட்டு ரத்தினம் அதே கவிழ்ந்த பூ நைட்டியோடு தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். ரெனிட்டா ஜோயலைக் கொண்டுபோய்க் காட்டினாள். ஒரே தாவலில் ரத்தினத்தின் தோளில் போய் ஒட்டிக்கொண்டான். ரத்தினத்தின் கொழுந்தியாளிடமும் அப்படியே போனான். கடைசியில் மெல்வினைக் கெஞ்சிக் கூத்தாடி அந்த நைட்டியை மாட்டிக்கொள்ள வைத்தாள். மீசையும் கழுத்தில் தொங்குகிற இஞ்ச் டேப்புமாக அவன் கதவோரம் நின்றான். ஜோயல் தவழ்ந்து போய் அவன் காலைக் கட்டிக்கொண்டு சிரித்தான்.

"பாத்தியா, அப்பன்னு தெரிஞ்சுதான் வருதான்" என்றான் மெல்வின்.

ரெனிட்டா சுடிதாரில் நின்று இரண்டு கையையும் நீட்டினாள். கையில் பிஸ்கட் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, ஜோயல் நைட்டிப் பக்கமே திரும்பிவிட்டான். ஆக, இந்தப் பிள்ளைக்குத் தாய் என்று தனியாக யாரும் கிடையாது, அந்தத் துணிதான் தாய் என்று முடிவுக்கு வந்தாள். குளியலறைக்குள் போய், குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதாள். அழுகிறபோதும், பிரிவின் அழுகை பற்றி வகுப்பில் சொல்கிற இரண்டாவது பாயிண்ட் ஞாபகம் வந்து எரிச்சலாக இருந்தது.

திங்கட்கிழமை காலை டாக்டர் ஜெயசித்ரா அவளைக் கூப்பிட்டார்.

"இந்தப் புதன்கிழமை படமெல்லாம் வேண்டாம் ரெனிட்டா. உங்க பையனையே கூட்டிட்டு வாங்க. அவன விட்டுட்டு நீங்க மூணு நிமிஷம் வெளிய நில்லுங்க. அவன் என்ன செய்யுதான்னு எல்லாரும் பாக்கட்டும். நீங்க உள்ள வரும்போது உங்களப் பாத்து எப்படிப் பாய்வான்! அதுக்கு மேல ஒரு பாடம் வேணுமா?"

'வேண்டாம் டாக்டர், அவன் என்னைப் பார்த்துப் பாய மாட்டான், நைட்டியைப் பார்த்துத்தான் பாய்வான்' என்று அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம். "கண்டிப்பா டாக்டர்" என்றது வாய். போட்டோ காட்டித் திரிந்த வாய் அல்லவா, வேறு என்ன சொல்லும்.

அன்றைக்குப் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தாள். முப்பது பேர் முன்னால் மானம் போகும். போகட்டும், அதைச் சிரித்துச் சமாளித்துவிடலாம், பிள்ளைக்கு இன்றைக்கு உடம்பு சரியில்லை என்று கதை அளக்கலாம். ஆனால் இது வரைக்கும் வெறும் சந்தேகம். புதன்கிழமை அது நிச்சயமாகிவிடும். தன் பிள்ளைக்குத் தன்னைத் தெரியாது என்பது நிச்சயமாகிவிட்டால், பிறகு அந்த வீட்டுக்குள் எந்த முகத்தோடு தினமும் ஆறு மணிக்கு ஓடி வருவது?

பரீட்சைக்குப் படிக்காத பிள்ளை செய்கிற காரியத்தைத்தான் அவளும் செய்தாள். காப்பியடிக்க முடிவெடுத்தாள். பீரோவிலிருந்து தன் நைட்டி ஒன்றை எடுத்து மதினியிடம் நீட்டி, "இதுல எனக்கு ஒரு ஜாக்கெட்டு தச்சுக் குடுங்க" என்றாள்.

மதினி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள். "நைட்டித் துணியிலயா? ஆஸ்பத்திரிக்கா? ஏட்டி, மேடம் மாதிரியா இருப்ப நீ? தலையணைக்கு உறை போட்ட மாதிரில்லா இருக்கும்."

விஷயத்தை முழுசாகச் சொல்ல வேண்டியதாயிற்று. மதினி கேட்டுக்கொண்டே துணியை விரித்தாள், வெட்டினாள், ஒரு மணி நேரத்தில் தைத்தும் கொடுத்துவிட்டாள். பூவெல்லாம் இதிலும் கவிழ்ந்தபடியே இருந்தன.

"நீங்களும் வாங்க மதினி. ஒரு தைரியமா இருக்கும்."

"நான் வரலட்டி." மதினி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "நான் அங்க நின்னா அவன் எங்கிட்டத் தாவிருவான். பொறவு ஒனக்குத்தான் தலைகுனிவு."

மதினி அதைப் பிரியத்தோடுதான் சொன்னாள். அதனால் ரெனிட்டாவுக்கு இன்னும் கூடுதலாக வலித்தது.

புதன்கிழமை காலை ஜோயலுக்குத் தொப்பி, ஷூ எல்லாம் போட்டுப் பஸ் ஏறினாள். பஞ்சு மார்க்கெட்டைத் தாண்டுவதற்குள் ஷூ ஒன்றைக் கழற்றிவிட்டான். அடையாள அட்டையை வாயில் போட்டு மென்றுகொண்டே வந்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லையில் மடவார்வளாகம் வந்ததும், ரெனிட்டா அவன் காதருகே குனிந்தாள்.

"ஏலே ஜோயலு, நான் வெளிய போகும்போது செத்த நேரம் அழுதுருடா. ரொம்ப வேண்டாம். ரெண்டு சொட்டு போதும்."

பிள்ளை அழக்கூடாது என்று நேர்ந்துகொள்கிற தாய்மார் உண்டு. பிள்ளையை அழச் சொல்லிக் கெஞ்சுகிறவள் அந்தப் பஸ்ஸிலேயே அவள் ஒருத்திதான். அவன் அட்டையை எச்சிலோடு அவள் கன்னத்தில் தேய்த்தான்.

மாடி அறைக்குள் நுழைந்ததும் ரெனிட்டாவுக்குக் குப்பென்று வியர்த்தது. கம்பெனியில் மிஞ்சின செகண்ட்ஸ் எல்லாம் எங்கே போகும் என்று அவள் யோசித்ததே இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் நடைபாதைக் கடைக்குத்தான் போயிருக்கிறது. வார்டிலிருந்து நைட்டியும் தோளில் துண்டுமாக வந்து உட்கார்ந்திருந்த பெண்களில் நாலு பேர் ஊதா நிறத்தில், கவிழ்ந்த சூரியகாந்தியோடு இருந்தார்கள். ஜாக்கெட்டோடு நிற்கிற தான் ஐந்தாவது ஆள் என்று ரெனிட்டா கணக்குப் போட்டுக்கொண்டாள். அந்த ஜாக்கெட்டிலும் முக்கால்வாசியைச் சேலை மூடியிருந்தது.

"மேடம், நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே துணி!" என்று முன்வரிசையிலிருந்து ஒருத்தி சந்தோஷப்பட்டாள். கூமாப்பட்டிக்காரி, பாண்டிசெல்வி என்று பெயர். நாலு நாளைக்கு முன்னால் பெண் பிள்ளை பெற்றவள். பிள்ளையைக் கீழே அவள் அக்கா வைத்திருந்தாள்.

ஜோயலைப் பாயில் விட்டாள் ரெனிட்டா. அவன் தலையைத் தூக்கிப் பார்த்தான். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு நைட்டி. அப்படி ஒரு பூரிப்பு அவன் முகத்தில். அம்மா என்று ஒருத்தி பின்னால் நிற்பதையே மறந்து, விறுவிறுவென்று தவழ்ந்து போய் பாண்டிசெல்வியின் மடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அறையே சிரித்தது.

"யாத்தே, வந்ததும் மடிக்கு வந்துட்டானே! வேத்துமுகமே இல்ல மேடம் ஒங்க பிள்ளைக்கு!"

வேற்றுமுகம் பார்ப்பதுதான் இந்த வயசுக்கு லட்சணம் என்று போன வாரம்தான் இதே அறையில் அவள் பாடம் நடத்தியிருந்தாள். குச்சியை மேசையில் வைத்தாள். "அம்மா போய்ட்டு வாரேன் ஜோயல்" என்றாள். அவன் பாண்டிசெல்வியின் நைட்டிப் பூவைப் பிய்த்துக்கொண்டிருந்தான். ரெனிட்டா வெளியே வந்து, கதவை இழுத்துச் சாத்தினாள். போனில் மூன்று நிமிடத்துக்கு அலாரம் வைத்தாள்.

அரை நிமிடம் ஆயிற்று. அழுகை இல்லை. கதவில் காதை வைத்தாள். உள்ளே சிரிப்புச் சத்தம். ஒரு நிமிடத்தில் அந்தச் சிரிப்பும் அடங்கிவிட்டது. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. தூங்கிவிட்டானோ? யார் மடியிலோ முகத்தைப் புதைத்துக்கொண்டு, மத்தியானத் தூக்கத்தைக் காலையிலேயே தொடங்கிவிட்டானோ?

சரி, தெரிந்துபோயிற்று. முப்பத்தொரு வயசு, இரண்டு பட்டம், தலையணை உறை ஜாக்கெட், மூன்று மாத வாசனைத் திட்டம், எல்லாம் சேர்ந்து இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. பத்து மாதம் சுமந்தேனே, ஆறு மாதம் ராவும் பகலும் பால் கொடுத்தேனே, ஒரு சிணுங்கலாவது சிணுங்கக் கூடாதாடா பாவி என்று அவனை மனசுக்குள் ஏசினாள். ஆஸ்பத்திரி நடைவழியில், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதாள். அறைக்குள் இருக்க வேண்டிய அழுகை அறைக்கு வெளியே நடந்துகொண்டிருந்தது.

அப்போது கதவின் அடியில் பரபரவென்று ஏதோ பிராண்டுகிற சத்தம் கேட்டது.

குனிந்து பார்த்தாள். கதவுக்கும் தரைக்கும் நடுவில் இருந்த இடுக்கில் நாலு விரல். எச்சில் பளபளக்கிற, நுனி சிவந்த, குட்டி விரல்கள். தரையை இங்கே தடவின, அங்கே தடவின, உள்ளே போயின, மறுபடியும் வந்தன.

அவள் கைப்பிடியில் கை வைத்ததும் உள்ளிருந்து பாண்டிசெல்வி சத்தம் போட்டாள். "மேடம், தள்ளிராதீங்க! கதவு உள்பக்கமால்ல தொறக்கும், பிள்ளை ஒட்டி உக்காந்திருக்கான். தூக்கப் போனா உதறுதான், வரமாட்டேங்கான்."

"அழுதானா?" ரெனிட்டா கதவோடு வாயை வைத்துக் கேட்டாள்.

"இல்ல மேடம். நீங்க அந்தப் பக்கம் போனதும் எம் மூஞ்சிய அண்ணாந்து பாத்தான். எறங்கிப் போயி இதே நைட்டி போட்ட மத்த மூணு பேரு மூஞ்சியையும் ஒவ்வொண்ணாப் பாத்தான். யாரும் நீங்க இல்லன்னதும் நேரா கதவுக்கு வந்துட்டான். அவனுக்கு அழ எங்க நேரம் மேடம்? அவன் தேடிக்கிட்டுல்லா இருக்கான்!"

படத்தில் இல்லாத பாயிண்ட் இது. கஞ்சி போட்ட சேலை மொடமொடக்க, அவள் நடைவழித் தரையில் மண்டியிட்டாள். அது பத்தவில்லை. குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்து, ஆள்காட்டி விரலை இடுக்குக்குள் நுழைத்தாள்.

தடவிக்கொண்டிருந்த கை சட்டென்று நின்றது. பிறகு அந்த விரலைப் பிடித்தது. பிடித்தபின், அதுவரைக்கும் சத்தமே காட்டாத பிள்ளை, உள்ளே 'ஹோ'வென்று அழத் தொடங்கினான். என்ன அழுகை! ஒன்பது மாதத்துக்கும் சேர்த்து வைத்த அழுகை. வகுப்பறையில் முப்பது பேரும் "ச்சோ ச்சோ" என்றார்கள்.

"இருக்கேன்டா, அம்மா இங்கதான்டா இருக்கேன்" என்று அவளும் இடுக்கு வழியாக அழுதாள்.

போனில் மூன்று நிமிடம் முடிந்து மணி அடித்தது. அடித்து ஓய்ந்தது. மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டு, டாக்டர் ஜெயசித்ரா வந்து நின்றார். அவருடைய ஆலோசகர் தரையில் குப்புறக் கிடப்பதை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"என்ன ரெனிட்டா இது? எந்திரிங்க. மூணு நிமிஷம் எப்பவோ முடிஞ்சுபோச்சே."

"அவன் விரல விடமாட்டேங்கான் டாக்டர்" என்றாள் ரெனிட்டா.

சுத்தப் பொய். ஒன்பது மாதப் பிள்ளையின் பிடி எம்புட்டு இருந்துவிடப் போகிறது, லேசாக இழுத்தால் விரல் வெளியே வந்துவிடும். அவள் இழுக்கவில்லை.